பேனலுக்குத் தைத்த சட்டை

எங்கள் தையல் கடையில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. எந்த வேலையில் கை நன்றாக ஓடுகிறதோ அதுவே பெயராகிவிடும். ஒருத்தி பாக்கெட், ஒருத்தி ஓவர்லாக். நான் பட்டன் துளைக்குக் காஜா எடுத்துப் பட்டன் தைப்பவள், அதனால் பட்டன். கடைக்காரர் மாஸ்டர். எனக்கு வலது பக்கம், ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் காலர் அக்கா. நான் சொல்லப் போவது அவளைப் பற்றித்தான்.

சட்டையில் மற்றதெல்லாம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் யாருக்கும் தெரியாது. காலர் கோணினால் போட்டிருப்பவரின் மூஞ்சியே கோணலாகத் தெரியும். அக்கா தைத்த காலரை நடுவில் மடித்தால் இரண்டு முனையும் மயிரிழை பிசகாமல் பொருந்தும். மேசை துடைக்கிற கந்தலைக் கொடுத்தால்கூட ஓரம் மடித்து இரட்டைத் தையல் போட்டுத்தான் திருப்பித் தருவாள்.

"துடைக்கிற துணிக்கு எதுக்குக்கா இத்தனை அலங்காரம்?" என்று கேட்டேன்.

"என்னடி பண்றது, கேவலமா தைக்க எனக்கு வர மாட்டேங்குது."

பெருமைக்குச் சொன்னதில்லை. உண்மையாகவே வராது. அதுவே ஒருநாள் அவள் காலை வாரிவிட்டது.

அக்காவின் வீடு வயலோரம். ஒரு கிணறு, கொஞ்சம் மிளகாய், கொஞ்சம் வெண்டை. பக்கத்தில் அவள் கணவரின் அண்ணனுக்கும் அதே அளவு நிலம். கிணறு பொது. அந்தப் பக்கத்தில் மோட்டாருக்குக் கரண்ட் வருவதே ராத்திரியில்தான். அதனால் அவள் கணவர் ராத்திரி முழுக்க டார்ச்சும் மண்வெட்டியுமாக இரண்டு வயலுக்கும் தண்ணீர் பாய்ச்சிவிட்டு, பொழுது விடிந்ததும் வந்து படுத்துக்கொள்வார். அக்கா சமைத்து மூடி வைத்துவிட்டு பஸ் ஏறிக் கடைக்கு வந்துவிடுவாள். ஒருவர் கண்ணில் ஒருவர் படுவதே அபூர்வம். "எங்களுக்குள்ள சண்டையே வராது, அதுக்கு நேரம் ஒத்து வரணுமே" என்று சிரிப்பாள்.

பஸ்ஸில் அவளுக்கு என்று ஓர் இடம், கடையில் ஓர் இடம், சாப்பாட்டு வேளையில் டப்பாவைத் திறந்தால் ஆறு கை நீளும். பகல் முழுக்க அவளுடையது. அது எவ்வளவு பெரிய சொத்து என்று அப்போது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு சோலார் வந்தது.

வயலுக்கு சோலார் பம்பு வைத்தால் அரசாங்கம் பெரும்பங்கு கொடுக்கும், வீட்டுப் பெண் பெயரில் இருந்தால் இன்னும் சலுகை என்றார்கள். அக்கா பெயரில் வைத்தார்கள். எட்டு பேனல், இரண்டு வரிசை, இரும்புக் கால்களில் சாய்ந்து நின்றன. அதிகாரி ஒருவர் வந்து அக்காவைப் பேனலுக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார். ஊரே அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. நாங்களும் சும்மா இருக்கவில்லை, கைதட்டினோம். மாஸ்டர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அவர் கைக்காசில் டீ வாங்குவது லேசில் நடக்கிற காரியமில்லை.

"வெயில் ஓசிம்மா. இனிமே உனக்கு ஒரு கவலையும் இல்ல" என்றார் மாஸ்டர்.

வெயில் ஓசி என்று முதலில் சொன்ன மனிதர் யாரென்று தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள். நேரில் நாலு வார்த்தை கேட்க வேண்டும்.

ராத்திரி கரண்ட் போய் பகல் கரண்ட் வந்ததும் என்ன ஆயிற்று? அக்காவின் கணவருக்குத் தூக்கம் திரும்பக் கிடைத்தது. வருஷக்கணக்காகச் சேற்றில் வழுக்கி, பாம்புக்குப் பயந்து, கண் எரிய நின்ற மனிதர் முதல் முறையாகக் கட்டிலில் ராத்திரி முழுக்கத் தூங்கினார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். தெளிந்த உடம்போடு பகல் வேலையும் தேடிக்கொண்டார். காய்கறிக் குளிர்க் கிடங்கில் சுமை ஏற்றி இறக்கும் வேலை, மாசம் பிறந்தால் சம்பளம். எல்லாம் நல்லதுதான். பகலில் தண்ணீர் பாய்ச்ச ஆள் வேண்டுமே, அது மட்டும் பாக்கி.

அண்ணன்காரர், அக்காவுக்கு மூத்தார், முழங்கால் மடக்க முடியாதவர். குனிந்து மடை திறக்க அவரால் ஆகாது. பிள்ளைகள் வெளியூரில். மிச்சம் யார்? பேனல் யார் பெயரில் இருக்கிறதோ அவள்தான்.

"கொஞ்ச நாளைக்குத்தான்" என்று சொல்லிவிட்டுத்தான் அக்கா கடையை விட்டுப் போனாள். மெஷின் மேல் துணியைப் போர்த்தி, கத்தரிக்கோலை அதன் கீழ் ஒளித்து வைத்தாள், வேறு யாரும் எடுத்துவிடக் கூடாதென்று.

மாசங்கள் ஓடின. அவள் வந்தது மேகமூட்டமான நாட்களில் மட்டும். வானம் இருண்டால் பம்பு இழுக்காது, பம்பு இழுக்காவிட்டால் அவளுக்கு விடுதலை. மழை வரும்போல் இருந்தால் எல்லோரும் கொடியில் காயும் துணியை எடுக்க ஓடுவார்கள், நாங்கள் வாசலை எட்டிப் பார்ப்போம், காலர் அக்கா பஸ்ஸிலிருந்து இறங்குகிறாளா என்று.

"வந்துட்டாப்பா குடை" என்பார் மாஸ்டர். அவளும் சிரிப்பாள். வயலை வைத்துக்கொண்டு வெயிலைத் திட்டுகிற ஒரே விவசாயி அவளாகத்தான் இருப்பாள்.

ஆனால் மாஸ்டருக்குச் சிரிப்போடு கதை முடியாதே. பள்ளிக்கூடச் சீருடை சீசன் நெருங்கியது. எத்தனையோ நூறு சட்டைகள், எல்லாவற்றுக்கும் காலர்.

"இந்தா பாரும்மா, தினமும் வர்ற ஆள் எனக்கு வேணும். சீருடை வெட்டு ஆரம்பிக்கிற அன்னிக்கு நீ அந்த நாற்காலியில இருக்கணும். இல்லேன்னா வேற ஆளைப் போட்டுடுவேன். அப்புறம் என்மேல வருத்தப்படக் கூடாது" என்றார் கண்டிப்பாக.

அக்கா முகத்தில் ஈயாடவில்லை. போர்த்தியிருந்த மெஷினை ஒரு தடவை தடவிவிட்டுப் போனாள்.

அடுத்த விடுமுறையில் நான் அவள் வயலுக்குப் போனேன். அந்த வெட்டவெளியில் இருந்த ஒரே நிழல் பேனலுக்கு அடியில்தான். அங்கே கவிழ்த்துப் போட்ட வாளி மேல் உட்கார்ந்திருந்தாள். காலர் முனையை ஊசியால் நெம்பி எடுக்கிற அந்த விரல்கள் மண்வெட்டி பிடித்துக் காய்ப்புக் காய்த்திருந்தன. கட்டை விரலில் வெடிப்பு. பட்டுத் துணியைத் தொட்டால் நூல் இழுத்துக்கொள்ளும், அப்படியொரு கை.

பேச ஆரம்பித்தால் நாலு வாக்கியம் முடிவதற்குள் எழுந்துவிடுவாள். ஒரு பாத்தி நிறைந்திருக்கும், அந்த மடையை அடைத்து அடுத்ததைத் திறக்க வேண்டும். வந்து உட்காருவாள். கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது என்று பம்பு நிற்கும். ஊறுகிற வரைக்கும் காத்திருந்து மறுபடி போட வேண்டும். அது ஓடும்போது இவளும் ஓட வேண்டும், அது நிற்கும்போது இவள் அதற்குக் காவல் நிற்க வேண்டும்.

"கரண்டாவது கட் ஆகும்டி. இந்த வெயில் கட்டே ஆகாது" என்றாள். "காலையில எந்திரிச்சதும் வானத்தைப் பாக்கறேன். ஒரு மேகம்கூட இல்லேன்னா அழுகை வருது. இதை யார்கிட்ட சொல்றது? சொன்னா பைத்தியம்பாங்க."

"மாமாகிட்ட சொன்னியா?"

"சொன்னேனே. ஓசில தண்ணி வருது, நிழல்ல உக்காந்திருக்கே, இதுல உனக்கு என்ன கஷ்டம்னாரு. அவரு கேட்டது தப்புன்னும் சொல்ல முடியல. ராத்திரி அவரு பட்ட பாட்டை நான் பாத்திருக்கேன்ல. என் பாட்டை அதுக்குப் பக்கத்துல வெச்சா என்னுது சின்னதாத் தெரியுது."

பம்பை நிறுத்திவிட்டு வந்துவிட வேண்டியதுதானே என்று கேட்டேன். அவள் கொட்டகைப் பக்கம் கையைக் காட்டினாள். பம்பின் பெட்டி அங்கே இருந்தது, அதற்கு எதிரில் மூத்தார் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். மோட்டார் சத்தம் நின்றால் அவருக்கு மூக்கில் வியர்த்துவிடும். கோலை ஊன்றி வந்து பெட்டியைப் பார்ப்பார். சிவப்பு விளக்கு எரிந்தால் யாரோ நிறுத்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம், உடனே தம்பிக்குப் போன் போகும். மஞ்சள் விளக்கு எரிந்தால் வெயில் போதவில்லை என்று அர்த்தம். சூரியனைத் திட்டிவிட்டுத் திரும்பப் போய்ப் படுத்துக்கொள்வார்.

மஞ்சள் விளக்கு என்றதும் அக்கா பேச்சை நிறுத்தினாள். நான் அவளைப் பார்த்தேன், அவள் மேலே பேனலைப் பார்த்தாள். பேனல் மாட்ட வந்த மெக்கானிக் போகும்போது சொல்லிவிட்டுப் போனாராம்: 'பேனல் மேல நிழல் விழாம பாத்துக்கோங்கக்கா. ரெண்டு மூணுல விழுந்தாலும் போச்சு, எல்லாம் சேர்ந்து படுத்துக்கும்.'

"பட்டன், கடையில கருநீலத் துணி மிச்சம் கிடக்குமா?" என்று கேட்டாள்.

சீருடைத் துணி கருநீலம். பேனலும் கிட்டத்தட்ட அதே நிறம். தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. மூத்தார் உட்காருவதோ பேனலுக்கு முதுகுப் பக்கம். போன வருஷச் சீருடையில் மிஞ்சிய வெட்டுத்துண்டுகளை நான் மூட்டை கட்டிக்கொண்டு போய்க் கொடுத்தேன். அடுத்தடுத்து வந்த மேகமூட்ட நாட்களில் கடைக்கு வந்து, மாஸ்டர் வெளியே போகிற சாப்பாட்டு நேரத்தில் அவற்றை ஒன்றாக இணைத்துத் தைத்தாள். கீழ் வரிசை முழுவதற்கும் ஒரு சட்டை.

நான்தான் சொன்னேன், "அக்கா, சும்மா சாக்கு மாதிரி தைச்சுப் போடு, போதும்" என்று. கேட்டால்தானே! நாலு மூலைக்கும் விறைப்புக்குக் கேன்வாஸ் வைத்தாள். காற்றில் தூக்கக் கூடாதென்று சட்டத்தைச் சுற்றி மடிந்து உட்கார ஒரு பட்டி கொடுத்தாள், அதன் முனைகள் அசல் காலர் முனை. ஓரமெல்லாம் இரட்டைத் தையல். காஜா பதினாறும் என் கை. அதில் எனக்கு இன்றைக்கும் ஒரு துளி வருத்தம் கிடையாது.

சீருடை வெட்டு ஆரம்பித்த அன்று நல்ல வெயில். மாஸ்டர் ஜன்னலோர நாற்காலியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். அப்போது வாசலில் செருப்புச் சத்தம்.

"என்னம்மா, வானம் பளிச்னு இருக்கே, குடை வந்திருக்கு?"

"எங்க ஊர்ல மட்டும் மேகம் மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு அக்கா மெஷின் மேலிருந்த துணியை உருவினாள். நான் நாக்கைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டேன், இல்லாவிட்டால் சிரித்துக் காரியத்தைக் கெடுத்திருப்பேன்.

அந்தச் சில வாரங்களில் அவளைப் பார்த்திருக்க வேண்டும். காலையில் வெயில் ஏறும்வரை தண்ணீர் பாய்ச்சுவாள், பேனலுக்குச் சட்டை மாட்டுவாள், பஸ் பிடிப்பாள். சாயங்காலம் கணவர் வருவதற்குள் போய்ச் சட்டையைக் கழற்றுவாள். ஓட்டமும் நடையுமாக வந்து மூச்சு வாங்க உட்காருவாள், ஆனால் உட்கார்ந்ததும் மெஷின் அவள் காலடியில் பாட ஆரம்பித்துவிடும். கையில் இருந்த காய்ப்பைக் கல்லால் தேய்த்துக் கரைத்தாள். டப்பாவைத் திறந்தால் மறுபடி ஆறு கை நீண்டது.

ஒன்றை மட்டும் அவள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. காலை வெயிலுக்கு பம்பு மெதுவாகத்தான் இழுக்கும். உச்சி வெயிலில்தான் தண்ணீர் முட்டிக்கொண்டு வரும், அப்போதுதான் வாய்க்கால் கடைசி வரை போகும். கடைசியில் இருந்தது மூத்தாரின் மிளகாய். அது மெல்ல வாடியது. அவர் தினமும் மஞ்சள் விளக்கைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். வெயில் மண்டையைப் பிளக்கிறது, பெட்டியோ வெயில் இல்லை என்கிறது. எத்தனை நாளைக்குத்தான் மனிதர் சூரியனையே திட்டுவார்? தம்பியிடம் சொன்னார், பேனலில் கோளாறு என்று. தம்பி பேனல் கம்பெனிக்குப் போன் செய்து, வேலைக்கு ஒருநாள் லீவு போட்டு, மெக்கானிக்கை நேரே வயலுக்கே கூட்டிக்கொண்டு போனார். அக்கா அன்றைக்கு எங்களோடு இருந்தாள்.

சாப்பாட்டு நேரம் முடிந்து மெஷின்கள் ஓட ஆரம்பித்த சமயம். அவர் கடை வாசலில் வந்து நின்றார், கூடவே மெக்கானிக். கையில் ஒரு பை. அக்கா தலைகுனிந்து தைத்துக்கொண்டிருந்ததால் பார்க்கவில்லை. நான் பார்த்துவிட்டேன். அவர் பையிலிருந்து அந்தக் கருநீலத் துணியை எடுத்து மாஸ்டரின் வெட்டு மேசைமேல் வைத்தார்.

"இது இந்தக் கடையில தைச்சதான்னு பாத்துச் சொல்லுங்க."

மாஸ்டருக்கு ஒன்றும் தெரியாது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு துணியைப் புரட்டினார், மூலையை மடித்து ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார். அந்த முகத்தில் ஒரு பூரிப்பு.

"அடடா, இந்த முனையைப் பாருங்க! இந்த ஜில்லாவுலயே இப்படித் திருப்ப ஒரே ஒரு கைதான் இருக்கு. இது எங்க காலர்" என்றார், சத்தமாக.

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அக்கா நிமிர்ந்தாள்.

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குப் பதில் சொல்ல வசதியாக இருந்திருக்கும். "அண்ணன் மிளகாய் பூராவும் போச்சு" என்றார் தணிந்த குரலில். "ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னேங்க."

"எப்ப சொன்னே?"

"சொன்னேன். நீங்க நிழல்லதானே உக்காந்திருக்கேன்னீங்க."

நடுவில் மெக்கானிக்தான் சங்கடப்பட்டு வாயைத் திறந்தார். "அண்ணே, இதுக்கு வழி இருக்கு. மேட்டுல ஒரு தொட்டி கட்டிடுங்க. பகல்ல அது பாட்டுக்கு ரொம்பட்டும். சாயங்காலம் நீங்க வேலை விட்டு வந்து திறந்து விட்டுக்கலாம். பகல்ல ஆளே வேண்டாம்."

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் கணவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தொட்டி எதுக்கு?" என்றார் அவர். கோபமில்லை, எகத்தாளமில்லை, உண்மையாகவே புரியாத குரல். "அதான் இவ இருக்காளே."

அக்கா எழுந்தாள். மெஷினுக்குத் துணி போர்த்தவில்லை. கத்தரிக்கோலை மட்டும் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு அவருக்குப் பின்னால் படியிறங்கினாள். மாஸ்டர் கையில் அந்த முனை அப்படியே மடிந்திருந்தது. தான் என்ன செய்துவிட்டோம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அன்று மாலை வரை அவர் யாரையும் திட்டவில்லை.

அந்தக் கணவர் கல்மனசுக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். நானும் அப்படி நினைத்து அவரை வெறுக்கப் பார்த்தேன், முடியவில்லை. அடுத்த சம்பளத்தில் ஒரு தையல் மெஷின் வாங்கிப் பேனலுக்கு அடியில் போட்டார். மெக்கானிக்கைக் கூப்பிட்டு அந்தப் பேனலிலிருந்தே அதற்கு ஒரு மோட்டார் இணைப்பும் கொடுக்க வைத்தார். மழைத்தண்ணீர் ஒழுகாமல் பேனலுக்குக் கீழே நாலு தகரம் வேய்ந்தார். "இனிமே நீ பஸ்ஸுல அலைய வேண்டாம். தண்ணியும் பாத்துக்கலாம், ஆசைப்பட்ட மாதிரி தைக்கவும் செய்யலாம்" என்றாராம். ஊரில் மறுபடியும் அவளைத் தூக்கி வைத்து ஆடினார்கள். இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்றார்கள்.

போய்ப் பார்த்தேன். தைத்துக்கொண்டிருந்தாள். ஒரு பாத்தி நிறைந்ததும் ஊசியைத் துணியிலேயே விட்டுவிட்டு எழுந்து ஓடினாள். வந்து கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். துணியின் ஓரத்தில் மண்விரல் பட்டிருந்தது. முன்பெல்லாம் அதைப் பார்த்தால் பிரித்துவிடுவாள். இப்போது அதன் மேலேயே தைத்துக்கொண்டு போனாள்.

"நல்லாத்தானே இருக்கு?" என்று என்னிடம் கேட்டாள். நான் நல்லா இருக்கு என்றேன். வேறு என்ன சொல்ல?

"முன்னாடியாவது எனக்கு இல்லாத ஒண்ணைக் கேக்கலாம்டி. இப்ப கேக்கறதுக்கும் ஒண்ணும் இல்லாம பண்ணிட்டாரு" என்றாள். அவள் குரல் உடைந்ததை நான் கேட்டது அந்த ஒரே தடவைதான்.

கடையில் ஜன்னலோர நாற்காலிக்குப் புதிதாக ஒரு பெண் வந்துவிட்டாள். நல்ல பெண்தான். காலர் சுமாராகத் தைப்பாள். அவளுக்கு நாங்கள் இன்னும் பெயர் வைக்கவில்லை.

போன வாரம் ஒருநாள் காலையிலிருந்தே வானம் கறுத்துக் கிடந்தது. மேகம் வந்தால் இப்போது அக்காவுக்குப் பம்பும் நிற்கும், தையல் மெஷினும் நிற்கும். வந்தாள். உட்கார இடமில்லை, தைக்க வேலையுமில்லை. அளவு கொடுக்க வருகிறவர்களுக்குப் போட்டிருக்கும் பெஞ்சில், மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள், சும்மா எங்களைப் பார்ப்பதற்கென்று. மாஸ்டர் தானே போய் டீ வாங்கி வந்தார். பாக்கெட் ஏதோ சொல்ல, அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். பழைய சிரிப்பு.

வெயில் வருவதை முதலில் கவனித்தது நான். ஜன்னலுக்கு வெளியே எதிர்ச்சுவர் மெல்ல வெளுத்தது. காற்று அடிக்கிற மாதிரி பாவனை செய்து எழுந்துபோய் ஜன்னல் கதவை இழுத்துச் சாத்தினேன். இரண்டு கதவுக்கும் நடுவில் ஓர் இடைவெளி எப்போதும் உண்டு, மாஸ்டர் அதைச் சரி செய்கிறேன் என்று வருஷக்கணக்காகச் சொல்கிறார். அதன் வழியாக ஒரு கோடு வெயில் தரையில் விழுந்தது.

அக்கா பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. டீயைப் பாதியில் வைத்தாள். பையை எடுத்தாள்.

"உக்காரும்மா, சும்மா எட்டிப் பாக்குது, மறுபடி மூடிக்கும்" என்றார் மாஸ்டர்.

அவள் அதற்குள் படியிறங்கிவிட்டாள்.